எங்கப்பா சாமி இல்லை

எங்கள் ஊரில் தாடியோடு சாவது ஆபத்து. திருவண்ணாமலையில் ஒரு தாடிக்காரர் படத்தை ரோட்டோரம் ஸ்டூல் போட்டு வைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் அதன் முன்னால் கற்பூரம் எரியும். எங்கப்பாவுக்கு அதுதான் நடந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது, இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்பாவும் அம்மாவும் கிராமத்தில் கூலி வேலை செய்தவர்கள். எனக்கு வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ் வேலை கிடைத்ததும் இருவரையும் டவுனுக்குக் கூட்டி வந்துவிட்டேன். செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தின் முனையில் எங்கள் ஜனங்கள் சேர்ந்து புத்தர் கோயில் ஒன்று கட்டியிருந்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே ஹால். அப்பாவுக்கு அந்த இடம் பிடித்துப்போய்விட்டது. ஊர்க் கோயில் வாசலைக்கூட மிதிக்க விடாதவர்களுக்கு நடுவில் வாழ்ந்தவர் அவர். இங்கே சாவி அவர் இடுப்பில் இருந்தது. விடிந்ததும் கதவைத் திறந்து, பெருக்கி, புத்தர் முன்னால் இரண்டு பூ வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

பௌர்ணமிதோறும் அங்கே கூடுவோம். அந்த மாதத்தில் யாருக்காவது நினைவு நாள் வந்தால் அவர் படத்தைப் புத்தர் காலடியில் வைத்து விளக்கேற்றுவோம். அப்புறம் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. வந்தவர் ஒவ்வொருவரும் செத்தவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புகழ்ச்சி வேண்டாம், கண்ணால் பார்த்தது போதும். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி, “எங்க அத்தை கொழம்புல உப்பு என்னிக்கும் ஜாஸ்திதான், கேட்டா சண்டைக்கு வரும்” என்று சொல்லிவிட்டு அழுதாள். நாங்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தோம். எல்லாரும் சொல்லி முடித்ததும் வீட்டுக்காரர்கள், செத்தவருக்குப் புண்ணியம் போய்ச் சேரட்டும் என்று, ஒரு சொம்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் வழியும்வரை ஊற்றுவார்கள். பிறகு புளிசாதம், பாயசம், ஊர்க்கதை.

ஆனால் பௌர்ணமி எங்களுக்கு மட்டுமா சொந்தம்? அந்த வருஷங்களில்தான் கிரிவலக் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிடுவார்கள். எங்கள் கோயிலுக்குப் போக எங்களுக்கே வழி இருக்காது.

அப்பாவின் முதல் வருஷ நினைவு நாளும் அப்படி ஒரு பௌர்ணமியில் வந்தது. ஹாலில் புதிதாகத் தரை போட்டிருந்தார்கள், சிமெண்ட் காயவில்லை. அதனால் வாசலில் பந்தல் போட்டு, ஸ்டூலில் அப்பா படத்தை வைத்தோம். அவருக்கு இருந்தது அந்த ஒரே படம்தான். என் கல்யாணத்தில் எடுத்தது. நரைத்த தாடி, தோளில் வெள்ளைத் துண்டு, கண் பாதி மூடியிருக்கும். ஃப்ளாஷ் அடித்ததில் கண் கூசிப்போன மனுஷன், அவ்வளவுதான்!

விளக்கேற்றினோமோ இல்லையோ, நடந்து வந்த ஒரு அம்மா நின்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் பின்னால் நான்கு பேர். ஒருத்தர் கற்பூரம் கொளுத்தினார், இன்னொருத்தர் படத்தின் கண்ணாடி மேலேயே விபூதியைப் பூசினார். “எந்த சித்தருங்க இவரு? கண்ண மூடி தவத்துல இருக்காரு பாரு!” என்றார்கள்.

“சித்தரும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. எங்கப்பாங்க இவரு. நவுருங்க” என்றேன். யார் காதில் விழுந்தது?

கோயிலை நடத்துகிற எங்கள் சங்கத்தின் செயலாளர் என் பக்கத்தில் வந்து குனிந்து, “வுடும்மா. கும்புட்டா கும்புட்டுட்டுப் போவட்டும். நம்ம கோயிலு நாலு பேருக்குத் தெரியும்ல?” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கதை. விபூதியே பூசாத மனுஷனைச் சாமியாக்கி இவர் கோயிலுக்கு விளம்பரம் தேட வேண்டுமாம். “உங்கப்பா படத்த வச்சி கூட்டம் சேத்துக்கோங்க” என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் அவர் வந்தார். வெள்ளை வேட்டி, கூடவே மனைவி. பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் கிராமத்துப் பெரிய வீட்டுக்காரர். அப்பா இருபது வருஷம் அவர் கழனியில்தான் கிடந்தார். அவர் வீட்டு வாசலில் தள்ளி நின்று கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடிப்பார், தூக்கி ஊற்றுவார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த மனுஷர் இப்போது அப்பாவின் படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார்!

கண்ணைத் திறந்து என்னிடம் கை நீட்டினார். “கொஞ்சம் துன்னூறு குடும்மா. வூட்டுக்காரிக்கு முட்டி வலி.”

“ஐயா, நல்லாப் பாருங்க. ஆளு தெரியலையா?”

உற்றுப் பார்த்தார். “தெரியலியேம்மா. எந்த ஊரு சாமி?”

“உங்க ஊருதான். உங்க கழனியில இருவது வருஷம் ஏர் ஓட்டுனவரு. நான் அவரு பொண்ணு.”

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். வெட்கமோ கோபமோ வந்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. “யாரு அவன்? நெறைய பேரு இருந்தானுங்களே” என்றார். இருபது வருஷம் ஐயா! ஒரு நாள்கூட அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லையா?

அதுவரை பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா பேசினாள். “இங்க வந்தவங்க செத்தவரப் பத்தி ஒண்ணு சொல்லணுங்க. அதான் எங்க வழக்கம். கும்புட்டுட்டீங்க இல்ல, சொல்லிட்டுப் போங்க.”

எங்கள் ஜனங்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கடைசியில், “நல்லா வேல செய்வான்” என்றார்.

“அத உங்க வூட்டு மாட்டப் பத்தியும்தான் சொல்லுவீங்க” என்றாள் அம்மா.

அவர் திரும்பிக் கூட்டத்தில் நடக்க ஆரம்பித்தார். அம்மா எழுந்து, முந்தானையை நனைத்து, கண்ணாடியிலிருந்த விபூதியைத் துடைத்தாள். அடுத்தது என் முறை.

எழுந்து நின்றேன். “எங்கம்மா விடியறதுக்குள்ள நடவுக்குப் போயிடும். எங்கப்பாதான் எனக்கு ரெட்டச் சடை போட்டு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாரு. ஒண்ணு காதுக்கு மேல நிக்கும், இன்னொண்ணு தோளுக்குக் கீழ தொங்கும். டீச்சர் தெனமும் அவுத்துப் பின்னுவாங்க” என்றேன். அந்த வெள்ளை வேட்டி இன்னும் ரொம்ப தூரம் போகவில்லை. அவர் காதில் விழட்டும் என்றுதான் கத்திச் சொன்னேன்.