இரண்டாம் முறை பாடும்போது

டொரான்டோவில் ஒரு தேவாலயம். மதியக் கச்சேரி. முந்நூறு வருடப் பழைய இத்தாலியக் காதல் பாட்டு, கடவுள் பெயரே வராதது, கூசாமல் பீடத்தின் முன்னால் நின்று ஏங்குகிறது. பியானோவின் மூதாதையான ஹார்ப்சிகார்ட் தூறல் போடுகிறது. பாடுகிறவள் ஒரு தமிழ்ப் பெண். குரல் அடங்கியதும் கைதட்டப் போகிறேன். பக்கத்தில் செக்யூரிட்டி ஜாக்கெட்டோடு இருப்பவர் என் மணிக்கட்டைப் பிடிக்கிறார்.

“பொறுங்கோ அண்ணை, முடியேல்லை. முதல் பகுதியைத் திரும்பப் பாடுவாள். என்ரை மகள்.”

அவர் கண் கதவுக்கும் கடிகாரத்துக்கும் ஓடுகிறது. “ரெண்டு மணிக்கு மார்க்கம் ரவுணிலை வேலை. இப்ப வெளிக்கிடாட்டிப் பிந்திடும்.”

“கிளம்புங்களேன். அந்தப் பகுதியைத்தான் ஏற்கெனவே கேட்டாச்சே.”

“உது எழுதிக் கிடந்ததைப் பாடினது. திரும்பப் பாடேக்கை தன்ரை சங்கதியளைப் போடுவாளாம். வீட்டிலை பாடிக் காட்டெண்டு கேட்டனான். வந்து கேளுங்கோ அப்பா எண்டிட்டாள்.”

அவர் பாதி எழுந்து நிற்கிறார். அதே வரி மறுபடி வருகிறது. மூன்றாவது சொல்லில் அவள் சட்டென்று மேலேறி, சிரிப்பதுபோல் படிப்படியாக வழுக்கி இறங்குகிறாள்.

“உது புத்தகத்திலை இல்லை” என்று என் காதில் சொல்லிவிட்டு, அவர் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்காருகிறார்.