காது நன்றாகத்தான் கேட்கிறது

"அக்கா, உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?"

காளவாசலில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒருநாள் இப்படிக் கேட்டாள், என்னோடு வேலை பார்க்கும் பெண். ரத்தம் எடுப்பது அவள் பொறுப்பு. எடுத்த ரத்தத்தைப் பரிசோதிப்பது என் பொறுப்பு. அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்று காலை எங்கள் மேனேஜர் என் மேசையைக் கடந்து நடந்தபடியே நான்கு விஷயங்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் வழக்கம்போல "சரி சார்" என்றேன். அவர் சொன்ன முதல் விஷயம் எனக்குப் புரிய ஆரம்பித்தபோது மூன்றாவதை முடித்திருந்தார். சத்தம் வந்தது, வார்த்தைகளும் வந்தன. அர்த்தம்தான் அடுத்த பஸ்ஸில் வந்தது. அந்த நான்கில் ஒன்று, ஒரு பெரியவரின் ரத்தத்தைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னது. மதியம் மற்ற பழைய டியூப்களோடு அதையும் கழிவில் போட்டுவிட்டேன்.

பெரியவர் அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மறுபடி கிளம்பி வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "பரவாயில்லத்தா, ரத்தந்தானே, ஊறிரும்" என்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'மன்னிச்சுக்கங்கய்யா' என்ற சொல் மறுநாள் காலை ஒத்தக்கடையிலிருந்து நான் வேலைக்கு வரும் பஸ்ஸில் வந்தது. வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

அந்த வாரமே காதைச் சோதிக்கப் போனேன். ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். முடிந்ததும் சோதித்தவர், "காது அருமையா இருக்கு. இம்புட்டுச் சின்னச் சத்தமெல்லாம் எல்லாருக்கும் கேக்காது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்க. கேள்வி கேட்டா நீங்க பதில் சொல்ல நேரமாகுது. ஒரு சைக்காலஜிஸ்டைப் பாருங்களேன்" என்றார். தப்பாகத்தான் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் போனேன்.

அங்கே இருந்தவர் என்னைவிடச் சின்னவர். "வேலையில எதுங்க ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார்.

அதுவரை என் வாழ்க்கையில், யாராவது கேள்வி கேட்டு எனக்குப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். அம்மாவானாலும் வாத்தியாரானாலும் அப்படித்தான். இவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. மணியைப் பார்க்கவில்லை, 'ம்?' என்றுகூடச் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் போனது என்று தெரியவில்லை. பிறகு ஒரு குரல் பேச ஆரம்பித்தது. நிறுத்தாமல், கோர்வையாக, அத்தனையும் பேசியது. அது என் குரல் என்பதை நம்ப முடியாமல் நானும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குள் இவ்வளவு இருந்ததா?

சில முறை சந்தித்த பிறகு ஆட்டிசம் என்றார். எனக்கு அப்போது வயது முப்பத்தாறு. "அறிவு கம்மின்னு அர்த்தமில்லக்கா. கேட்டது உள்ள போய்ச் சேர நேரமாகுது, அம்புட்டுதான். வேலை பாக்குற எடத்துல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

சொல்வதற்கு மூன்று வாரம் ஆனது. கடைசியில் ஒரு தாளில் எழுதி, நிலையத்தை நடத்தும் எங்கள் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் நின்றுகொண்டே படித்தார். "இத மொதல்லயே கேட்டிருக்கலாமே" என்றார். மறுநாள் என் மேசைக்கு மேல் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது.

மேனேஜருக்குத்தான் பிடிக்கவில்லை. "சொல்றதுக்கு அஞ்சு செகண்டு, எழுதறதுக்கு அஞ்சு நிமிஷமாம்மா?" என்று முணுமுணுத்தபடி எழுதினார். அவர் கையெழுத்து யாருக்கும் புரியவில்லை. ஒரு வாரத்தில் வாட்ஸ்அப்புக்கு மாறிவிட்டார். போனில் யாராவது அவசரமாகப் பேசினால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேன்: "குறிச்சுக்கிட்டேன், பாத்துட்டு நானே கூப்பிடுறேன்." எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கூட்டமான நாளில் கவுன்டரில் நிற்கவைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் இருட்டும். டியூப் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறைக்குள் போய்ச் சற்று நேரம் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வருவேன்.

போன மழைக்காலத்தில் ஊரெங்கும் காய்ச்சல். வாடிப்பட்டிப் பக்கமிருந்து நாற்பது வயதுக்காரர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவருடைய ரத்தத்தில் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், ஆபத்தான அளவுக்குக் குறைந்திருப்பதாக மெஷின் காட்டியது. வாசலில் சொந்தக்காரர்கள், போனில் ஆஸ்பத்திரி. மேனேஜர் உள்ளே ஓடிவந்தார். "ரிப்போர்ட்ட அனுப்பலாமாம்மா?"

நான் அப்போது அந்தக் காய்ச்சல்காரரின் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதில் எனக்குத் தாமதம் கிடையாது. தட்டணுக்கள் குறையவில்லை. ஊதா நிறப் பொடிபோல், கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. கொத்தாக இருந்தால் மெஷினுக்கு எண்ணத் தெரியாது. எல்லாம் ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அதை வாக்கியமாக்குவதற்குத்தான் நேரம் வேண்டியிருந்தது.

கையை மட்டும் உயர்த்தினேன்.

மேனேஜர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். ஒரே நேரத்தில் மூன்று பேரோடு பேசக்கூடிய, அதைப் பார்த்து நான் எப்போதும் வியக்கிற ரத்தம் எடுக்கும் அந்தப் பெண், பேச்சை நிறுத்தினாள். டாக்டரம்மா வந்து என் பின்னால் நின்றார். வெளியே காளவாசலின் ஹாரன்கள். உள்ளே ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

"கொறையல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. மெஷின் எண்ணல. வேற டியூப்ல எடுத்துப் பாக்கணும்."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "ஆமா. நீல மூடி டியூப்ல எடுங்க, அதுல உள்ள மருந்துல ஒட்டாது."

எங்கள் வேலையில் இது தெரிந்த விஷயம்தான். மைக்ராஸ்கோப் முன் உட்காரும் யாரும் கண்டுபிடித்திருப்பார்கள். நான் வியந்தது அதற்கல்ல. காய்ச்சல் சீசனில், மூச்சுவிட நேரமில்லாத மூன்று பேர், எனக்காகச் சும்மா நின்றார்களே, அதற்கு. அன்று முழுக்க அதையே நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

இரண்டாவது முறை எடுத்ததில் எண்ணிக்கை பயப்படும்படி இல்லை. காய்ச்சல் இருந்தது, ஆனால் அது மாத்திரையில் தீரும் காய்ச்சல். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். "நீங்கதான் பாத்தீகளாமே? எதுலத்தா பாத்தீக?"

ஸ்டூலை நகர்த்தி அவரை உட்காரவைத்து, மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு மற்றதை வைத்தார். வெகுநேரம் அசையவில்லை.

"ஆத்தீ! எம்புட்டுக் கெடக்கு! இம்புட்டும் அவுக ஒடம்புக்குள்ளயா ஓடுது?"

பதினான்கு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். சிவப்பணுக்கள் என்கிற அந்த இளஞ்சிவப்பு வட்டங்களின் பெருங்கூட்டத்தைப் பார்க்கும்போது இன்னும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். நேரம் போனது. அவர் கண்ணை எடுக்கவே இல்லை. நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதையே அவர் கவனிக்கவில்லை.

"ஆமாக்கா" என்றேன் கடைசியில். "நமக்குள்ளயும்தான்."