அது நான் போட்ட லைன்

சொட்டு மாஸ்டர் என்று கேட்டால்தான் அந்த வட்டாரத்தில் ஆளைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும். குழாய் வேலையில் முப்பத்திரண்டு வருஷம். எந்த வீட்டில் சுவரில் ஓதம் ஏறினாலும் அவரைத் தேடித்தான் ஆள் வரும். வந்ததும் எல்லாக் குழாயையும் மூடச் சொல்வார், மின்விசிறியை நிறுத்தச் சொல்வார், பேசுகிறவர்களை ஒரு பார்வையில் அடக்குவார். பிறகு சுவரில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "இங்க இடிங்க" என்று அவர் விரல் வைத்த இடத்தில் பத்துக்கு ஒன்பது தடவை தண்ணீர் இருக்கும். பத்தாவது தடவையும் இருக்கும் என்று அவராக நினைத்துக்கொண்டதுதான் வினை.

பெற்றவர்கள் கட்டிவிட்டுப் போன வீடு அது. கீழே அவர், மாடியில் அண்ணன். அண்ணன் பஸ் டிப்போவில் டைம் கீப்பர், அளந்து பேசுகிறவர். அண்ணி அதற்கு நேர்மாறு. வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக்கொடுப்பாள், தைத்துக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே சிரிப்பாள். அவள் சிரிப்பது கீழே கூடத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். அவளுக்கும் மாஸ்டரின் மனைவிக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். கரண்டியிலிருந்து கடுப்புவரை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

ஒரு நாள் கீழ்க் கூடத்தின் மேற்கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. அதற்கு நேர் மேலே அண்ணன் வீட்டுக் குளியலறை. மாஸ்டர் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. குளியலறைத் தரையை உடைத்தார், ஒன்றும் இல்லை. தண்ணீர் போகும் வாயை அடைத்து, தரையில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தார், கீழே ஈரம் கூடவும் இல்லை குறையவும் இல்லை. அண்ணன் வீட்டுக் குழாய்களில் பம்பு வைத்துக் காற்றழுத்தம் பார்த்தார், மீட்டர் முள் அசையவே இல்லை. வேறு யார் வீடாக இருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்தி யோசித்திருப்பார். சொந்த அண்ணன் வீடாயிற்றே, யோசனை எதற்கு?

மனைவிதான் ஒரு நாள் கேட்டாள். "நம்ம வெந்நீர் லைனும் அந்தச் சுவத்துக்குள்ளதானே இறங்குது? அதையும் ஒரு தடவை பாத்துடுங்களேன்."

மொட்டை மாடியில் வெயிலில் தண்ணீர் சுடும் சோலார் ஹீட்டரை அதற்கு முந்தின வருஷம்தான் அவர் வைத்திருந்தார். அதிலிருந்து மாடிச் சுவர் வழியாகக் கீழே தன் வீட்டுக்கு ஒரு குழாயும் இறக்கியிருந்தார்.

"அது நான் போட்ட லைன்" என்றார் மாஸ்டர். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை.

மூன்றாவது முறை தரையை உடைத்த அன்று கூரைக் காரை பெயர்ந்து டிவி மேல் விழுந்திருந்தது. அந்த ஆத்திரத்தில் மாடிப்படியில் நின்று, எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் கத்தினார். "நாள் பூரா மெஷினை மிதிக்கத் தெரியுது, ஒரு குழாயைத் திருகி மூடத் தெரியலையா அண்ணி? தண்ணியைத் திறந்துவிட்டுட்டு மறந்துபோற ஆளு மேல இருந்தா, நான் எத்தனை தடவைதான் இடிக்கிறது?"

அண்ணன் திரும்பி அண்ணியை ஒரு பார்வை பார்த்தார். அதைக் கவனித்த மாஸ்டருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. அண்ணனுக்கே புரிந்துவிட்டது, நியாயம் நம் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மாதம் முடிவதற்குள் அண்ணன் டிப்போவுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். சண்டையென்று ஒன்றும் இல்லை, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதே வாரம் அடித்த காற்றில் பக்கத்து வீட்டு மரக்கிளை முறிந்து சோலார் ஹீட்டர் மேல் விழுந்து கண்ணாடிக் குழாய்களை நொறுக்கியது. மாஸ்டர் அதன் வால்வை மூடிவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார். அந்த அப்புறம் வர ஆறு வருஷம் ஆயிற்று. "ஊருக்கெல்லாம் வெந்நீர் வரவைக்கிறார், எனக்கு மட்டும் அடுப்புல பானை" என்று மனைவி குத்திக்காட்டாத வாரம் இல்லை.

ஆனால் கூரை ஈரம் பத்தே நாளில் காய்ந்துவிட்டது. விடுவாரா? கல்யாண வீடு, துக்க வீடு பார்க்காமல் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னார். "அவங்க போனாங்க, ஈரமும் போச்சு. இதுக்கு மேல என்ன ருசு வேணும்?" அது போகவேண்டிய காதுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்தக் காலத்தில் சுவரில் காது வைக்க யாருக்குப் பொறுமை? ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டு, கசிவு காட்டும் கருவிகளை வீடுவீடாக மாட்டித்தரும் வேலையைக் கொடுத்தது. ஒன்று சின்ன வட்டமாக இருக்கும். தரையில் வைத்தால் ஈரம் பட்டதும் கூப்பாடு போடும். இன்னொன்று டப்பா மாதிரி. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மாட்டினால், யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்தில் ஒரு டம்ளர் ஓடினாலும் போனுக்குத் தகவல் அனுப்பும். முதலில் மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். பிறகு, மாட்டுகிற பொருளைத் தெரிந்துகொள்வோம் என்று தன் வீட்டிலேயே ஒரு டப்பாவை மாட்டினார். நான்கு மாதம் அது சத்தமில்லாமல் கிடந்தது.

அதற்குள் மனைவிக்கு முட்டிவலி அதிகமாகி, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஒருவழியாக சோலார் ஹீட்டருக்கு விடிவு காலம் வந்தது. புதுக் கண்ணாடிக் குழாய்களைப் போட்டு வால்வைத் திறந்தார்.

மறுநாள் மத்தியானம் வேறொரு வீட்டில் வேலையாக இருந்தபோது போன் அதிர்ந்தது. அவர் வீட்டில் தண்ணீர் ஓடுகிறதாம். மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார், எல்லாக் குழாயும் மூடியிருந்தது. கருவி கோளாறு என்றார். கம்பெனிக்காரனை நாலு வார்த்தை திட்டி, வேறு டப்பா வரவழைத்து மாட்டினார். அதுவும் அதையே சொன்னது. ஹீட்டர் வால்வை மூடினார், ஓட்டம் நின்றது. திறந்தார், திரும்பவும் ஓடியது. மூன்று தடவை மூடித் திறந்தார். நாலாவது தடவைக்குக் கை வரவில்லை.

ஐந்தாம் நாள் கூடத்தில் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மாடியில் ஆறு வருஷமாக ஆள் இல்லை. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தான் மூன்று முறை உடைத்துப்போட்ட தரையைத் தாண்டி, ஒரு முறைகூடத் தொடாத சுவரை உடைத்தார். இரண்டு விரல் ஆழத்தில், குழாய் திரும்பும் இடத்தில் மாட்டியிருந்த எல்போவின் ஓரம் சொட்டிக்கொண்டிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. லைன் போட்ட அன்றைக்கு ஒரு எல்போ குறைந்தது. கடைக்குப் போகச் சோம்பல். வேறு வீட்டில் கழற்றிப் பையில் போட்டிருந்த பழையதைத் துடைத்து, பசையைத் தாராளமாகப் பூசிச் செருகினார். இதையே வேறொருவன் செய்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

புது எல்போ போட்டுப் பூசிவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அப்படித்தான் செய்தார், என்னத்தைச் சொல்ல. பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை மனைவியே சட்டையை எடுத்து நீட்டினாள்.

"போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?"

"படியில நின்னு ஊருக்கே கேக்கக் கத்துனீங்க. இதைப் போன்ல சொல்லுவீங்களா?"

அண்ணன் வீட்டில் அவரை யாரும் முகம் சுளித்து வரவேற்கவில்லை. "வாடா" என்றார் அண்ணன். ரிட்டயர் ஆகியிருந்தார். அண்ணி "வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் தைத்து முடித்தாள். அந்த வீட்டில் பேச்சுச் சத்தமே குறைவாக இருந்தது.

கை கழுவப் பின்பக்கம் போனார். தொழில்காரர் கண் சும்மா இருக்குமா? கை கழுவும் குழாயின் கீழே நாலாக மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. சமையலறைக் குழாயின் கீழேயும் ஒன்று. எட்டிப் பார்த்தார், குளியலறையில் இரண்டு. எல்லாம் சீருடைத் துணியில் மிஞ்சிய துண்டுகள், ஒரே அளவாக வெட்டி ஓரம் அடித்தவை. தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தன.

"என்னண்ணே இது, குழாய்க்கெல்லாம் துணி?"

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது அவ பழக்கம்டா. குடிவந்த நாள்லேருந்து. எப்பவும் வெச்சிருப்பா, காலையில எடுத்துத் தொட்டுப் பாப்பா. அப்புறம் எங்கிட்ட கொண்டுவந்து நீட்டுவா, பாருங்க, காஞ்சிருக்குன்னு. நானும் தொட்டுப் பாத்து சரின்னு சொல்லணும். சொன்னாத்தான் அவளுக்கு அன்னைக்கு வேலை ஓடும்."

"ஆறு வருஷமாவா?"

"ஒரு நாள் விட்டதில்லை."

மாஸ்டர் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு ஒரு வார்த்தைகூட ஞாபகத்தில் இல்லை. கூடத்துக்கு வந்து நின்றுகொண்டே சொன்னார். "அண்ணி, தப்பு உங்க மேல இல்லை. ஒழுகினது என் லைன். நான் வெச்ச பழைய எல்போ. ஹீட்டர் ஒடைஞ்சு வால்வை மூடினதாலதான் ஈரம் காஞ்சுது, நீங்க போனதால இல்லை. இப்பத் திறந்ததும் மறுபடி ஒழுகுச்சு. உங்களை வாய்க்கு வந்தபடி பேசினேன். என்னைத் திட்டுங்க."

அண்ணி அவரைத் திட்டவில்லை. சொல்லப்போனால் அவரைப் பார்க்கவே இல்லை. மெஷினிலிருந்து கையை எடுத்து, கணவர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா?" என்றாள்.

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை.

"கேட்டீங்களா, இல்லையா?"

"கேட்டேன்" என்றார் அண்ணன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள், அறைந்து சாத்தவில்லை. அதற்கு அறைந்தே சாத்தியிருக்கலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

அண்ணன் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன்டா. தொழில் தெரிஞ்சவனாச்சே. இங்க வந்த அன்னைக்கு அவ அழுதுகிட்டே சொன்னா, நான் தெனமும் மூடித்தாங்க வெச்சேன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இங்கயாவது ஒழுங்கா மூடுன்னு சொன்னேன்."

"அண்ணே..."

"நீ வந்து சொல்லிட்டே, உன் பாரம் இறங்கிடுச்சு. நான் உள்ள போய் அவகிட்ட என்னன்னு சொல்றது?"

அண்ணன் எழுந்து, அவள் சாத்தியிருந்த கதவின் முன்னால் போய் நின்றார். தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். தட்டாமலே நின்றுகொண்டிருந்தார்.