எது அதிகம் புகைவிடும்

கறியைப் புகையில் வேகவைக்கும் இரண்டு ஸ்மோக்கர் மெஷின்களில் எது அதிகமாகப் புகைவிடும் என்பதுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது. விற்கிறவர்கள் இருவருமே அதற்கு நேர்மாறாகப் பேசினார்கள். "நம்ம மெஷின்ல புகையே தெரியாது" என்பதுதான் இருவருக்கும் பெருமை.

போன வருஷம் வந்த காய்ச்சலில் என் மனைவிக்கு வாசனை தெரியாமல் போயிற்று. காய்ச்சல் ஒரு வாரம் இருந்தது. எட்டாம் நாள் காலை அவள் காபி டம்ளரை மூக்கருகே பிடித்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றிருந்தாள். "டிகாஷன் ஊத்த மறந்துட்டனா?" என்று கேட்டாள். மறக்கவில்லை. காபி சரியாகத்தான் இருந்தது.

மூக்கு டாக்டர் நரம்பு சம்பந்தப்பட்டது என்றார். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பழக்கிப் பார்க்க வேண்டும் என்றார். நான்கு சிறிய பாட்டில்கள் தயார் செய்தேன். எலுமிச்சைத் தோல், கிராம்பு, பன்னீர், யூகலிப்டஸ் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது நொடி முகர வேண்டும். நான் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகியவன், பள்ளி முடித்த நாளிலிருந்து நாட்குறிப்பும் எழுதுகிறவன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, நேரம், பாட்டில், உண்டு, இல்லை என்று எழுதிவந்தேன்.

"ஆபீஸ்ல இருக்கிற கோப்பு பத்தாதுன்னு நானும் ஒரு கோப்பாயிட்டேன்" என்பாள். "எப்ப மேலதிகாரிக்கு அனுப்பப் போறீங்க?"

நான்கு மாதம் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்றே எழுதினேன்.

அவள் அரியாங்குப்பத்துக்கு அப்பால் கடலோரத்தில் பிறந்தவள். அவள் அம்மா மீன் விற்றவர். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே, இது இன்று காலை வந்த மீன், இது நேற்றைய ஐஸ் என்று அவளால் சொல்ல முடியும். நான் மேற்கே நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். லாஸ்பேட்டையில் கல்லூரியில் படித்தபோது பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம், இப்போது அங்கேயே வீடு. கல்யாணமான நாளிலிருந்து மீன் வாங்குவது அவள் பொறுப்பு. காய்ச்சலுக்குப் பிறகு வாங்குவதை விட்டுவிட்டாள். "கண்ண மட்டும் நம்பி மீன் வாங்கக் கூடாது" என்று சொன்னாள்.

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு மாடி வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வார வாடகைக்கு விடுகிறார்கள். ஒரு ஞாயிறு மாலை, நாங்கள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். அந்த மொட்டை மாடியிலிருந்து புகை காற்றில் எங்கள் பக்கம் சாய்ந்து வந்தது. கையில் புடவையோடு நின்றவள், "யாரோ கறி சுடறாங்க" என்றாள்.

நான் கீழே ஓடி நோட்டை எடுத்துவந்தேன். பிறகு அந்த வீட்டுக்கே போனேன். பெங்களூர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். பக்கவாட்டில் படுக்க வைத்த பீரோ போல ஒரு கறுப்பு மெஷின், கால்களில் சக்கரம். தட்டாஞ்சாவடியில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்ததாகச் சொன்னார்கள். ஒருவன் மெஷினின் பக்கவாட்டுத் தொட்டியைத் திறந்து ஒரு பிடி எடுத்துக் காட்டினான். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகள். எங்கள் ஊரில் கறவை மாட்டுக்குப் போடுகிற தீவனம் அச்சாக அப்படித்தான் இருக்கும். அதற்கும் இதற்கும் ஒரே பெயர், பெல்லட். ஒரு திருகுதண்டு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும், சூடு மாறாமல் மணிக்கணக்கில் எரியும், புகை மெலிதாக வந்துகொண்டேயிருக்கும் என்றான்.

மறுநாள் கிராம்பு பாட்டிலை முகர்ந்துவிட்டு, "லேசா வருது" என்றாள். அதற்கு அடுத்த வாரம் எலுமிச்சையும் வந்தது. கட்டங்களில் 'உண்டு' எழுத ஆரம்பித்தேன். அவள் மறுபடி மீன் வாங்கத் தொடங்கினாள். அதன் பிறகு பாலையும் சாம்பாரையும் நான் முகர்ந்து பார்ப்பதில்லை. அதுவரை அது என் வேலையாக இருந்தது. ஒரு மதியம் சங்கரா மீன் குழம்பில் ஏதோ ஒரு மாதிரி வாடை இருந்தது. அவளுக்குத் தெரியாததா என்று எண்ணி இரண்டு துண்டு சாப்பிட்டேன். அன்றும் மறுநாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். நாட்குறிப்பில் 'வெளியே குடித்த மோர்' என்று காரணம் எழுதியிருக்கிறேன்.

புகைதான் முதலில் கதவைத் திறந்தது, அதனால் புகையையே தொடர்ந்து காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் கேட்டேன். மூச்சு முட்டாத அளவுக்கு என்றால் சரி என்றார். வீட்டில் தேங்காய் மட்டையைக் கொளுத்திப் பார்த்தேன். அவளுக்கு இருமல்தான் வந்தது. மெலிதாக, ஒரே சீராக, நெடுநேரம் வருகிற புகை வேண்டும். அதற்கு அந்த மெஷின்தான் என்று முடிவு செய்தேன். அவள் விலையைக் கேட்டுவிட்டு, "இந்த வெலைக்கு மீன்புடி போட்டுக்கு ஒரு இன்ஜினே வாங்கிடலாம்" என்றாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்று வாரம் படித்தேன். சூட்டைக் குறைத்து வைத்தால் புகை கூடும், ஏற்றினால் குறையும். மூடி இறுக்கமாக இருந்தால் புகை உள்ளேயே நின்று இறைச்சியில் ஏறும். சிலவற்றில் மரக்கட்டைத் துண்டு போடத் தனியாக ஒரு இழுப்பறை உண்டு, அது கூடுதல் புகைக்கு. ஊருக்குள் கிடைக்கக்கூடியவை இரண்டுதான். தட்டாஞ்சாவடி கடையில் இருக்கும் புதியது ஒன்று. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற, எங்கள் ஊரில் சொல்தா என்று சொல்கிற ஒருவர், பிரான்சிலிருந்து சாமான்களோடு கொண்டுவந்து இப்போது விற்கிற பழையது ஒன்று.

முதலில் கடைக்குப் போனோம். விற்பனையாளர் மூடியைத் திறந்து மூடிக் காட்டினார்.

"ரெட்டைத் தகடு சார். புகை வெளியவே போவாது. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வர மாட்டான்."

"புகை அதிகமா வேணும்னா?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார். "எல்லாரும் புகை வேணாம்னுதான் சார் கேப்பாங்க. கொசுவுக்கா?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "ஆமாங்க, பணக்காரக் கொசு" என்றாள். பிறகு பெல்லட் மூட்டைகளைப் பார்த்து, "ஓக்குன்றீங்க, ஆப்பிள்ன்றீங்க. முந்திரிக் கட்டை இல்லையா?" என்று கேட்டாள். இல்லை.

அவர் பற்றவைத்தார். முதல் ஐந்து நிமிடம் வெள்ளையாகக் கக்கியது, பிறகு அடங்கியது. இழுப்பறையில் கட்டை போட்டதும் மறுபடி கூடியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வருது" என்றாள். 'புதியது, இழுப்பறையுடன், உண்டு' என்று எழுதினேன். ஆனால் புகை கண்ணுக்குத் தெரியும்போது அவள் சொன்னதை மட்டும் வைத்து நான் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று தோன்றியது. பழையதையும் பார்க்க வேண்டும், அதுவும் முறையாக.

சொல்தாவின் வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. மெஷின் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. "வாங்க முசே, வாங்க மதாம்" என்று அவரே வந்து அழைத்துப்போனார். மனைவி போனபின் தனியாக இருப்பதாகவும், பாரிசில் இருக்கும் மகள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதாகவும் சொன்னார். "இத ஒருத்தர் கையில ஒப்படைச்சிட்டா நான் கெளம்பிடுவேன். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம இதுலதான் சமையல். புகையே தெரியாது. ஒரு டிகிரி கூட ஏறாது எறங்காது, போன்லயே பாக்கலாம்." எங்களுக்காக ஒரு முழுக் கோழியில் மசாலா தடவித் தயாராக வைத்திருந்தார்.

நான்கு மணிக்குப் பற்றவைத்தார். ஆரம்பப் புகை அடங்கும்வரை அவளைக் கீழேயே உட்காரச் சொன்னேன். பிறகு, காற்று போகிற பக்கத்தில், மெஷினிலிருந்து பன்னிரண்டு அடி எண்ணி ஒரு நாற்காலி போட்டு, முதுகைக் காட்டி உட்கார வைத்தேன். மெஷினின் சிறு திரை கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. சொல்தா போனில் சூட்டைப் பார்த்துச் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, எங்களுக்கு எலுமிச்சைச் சாறு கலக்கக் கீழே போனார். நல்ல மெஷினில் புகை கண்ணுக்குத் தெரியாது என்று நான் படித்திருந்தேன். அதன்படியே எதுவும் தெரியவில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டேன்.

"வருது."

"எப்படி?"

"லேசா. சுட்ட மாதிரி."

மறுபடி பத்து நிமிடம். "வருது." மறுபடியும். ஐந்து மணிக்குக் கேட்டபோது திரும்பாமலே, "முன்ன விட இப்ப நல்லாவே வருது" என்றாள். கடையில் இருந்ததைவிட இதுதான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். கடைசிக் கட்டத்தில் 'உண்டு' என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்தேன்.

சொல்தா மேலே வந்து எலுமிச்சைச் சாற்றை எங்களிடம் கொடுத்துவிட்டு, கையுறையை மாட்டி மூடியைத் திறந்தார். கோழி வெள்ளையாக இருந்தது. மசாலா அப்படியே மேலே ஈரமாக இருந்தது. அவர் கையுறையைக் கழற்றி உள்தகட்டைத் தொட்டுப் பார்த்தார், தொட்ட விரலை எடுக்கவில்லை. தொட்டியைக் கிளறினார். பெல்லட் கடல் காற்றில் ஊறி, உப்பி, பொதபொதத்து, திருகுதண்டின் வாயில் மாவாக அடைத்துக்கொண்டிருந்தது. ஈரம் பட்ட மாட்டுத் தீவனம் அப்படித்தான் ஆகும், எனக்குத் தெரியும்.

"மொதல்ல விழுந்தது மட்டும்தான் எரிஞ்சிருக்கு" என்றார். "பர்தோன் முசே. முக்கா மணி நேரமா நெருப்பே இல்ல. போன்ல பழைய சூடே நின்னுட்டிருக்கு, நான் கவனிக்கல."

அவர் மெஷினைப் பற்றித்தான் வெட்கப்பட்டார். வேறு எதையும் அவர் அறியவில்லை. என் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. முதுகைக் காட்டியபடியே எலுமிச்சைச் சாறு முழுவதையும் குடித்து முடித்தாள். நான் நோட்டை மூடிப் பையில் வைத்தேன். பிறகு பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லிக் கிளம்பினோம்.

ஸ்கூட்டரில் இரண்டு தெரு தாண்டினோம். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து அவளே ஆரம்பித்தாள்.

"கேக்க மாட்டீங்களா?"

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்துதான்."

"அன்னைக்கு மாடியில?"

"அன்னைக்கு கண்ணு எரிஞ்சுது. புகையும் தெரிஞ்சுது. கறி சுட்டா எப்டி இருக்கும்னு எனக்கு ஞாபகம் இருந்துது. ஞாபகமா வாசனையான்னு எனக்கே தெரியலங்க. சொல்லிட்டேன். நீங்க நோட்டு எடுக்க ரெண்டு ரெண்டு படியா எறங்கி ஓடினீங்க. அதுக்கப்புறம் எப்டி இல்லன்றது? இல்லன்னு சொன்னா அதுக்கும் நேரத்தப் போட்டு எழுதுவீங்க. எழுதறப்ப உங்க மொகத்தப் பாக்க முடியல."

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"பச்ச விழுந்துடுச்சு, போங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு அந்தச் சங்கரா குழம்பு நினைவு வந்தது. அவளைப் பார்த்தேன், அவளே புரிந்துகொண்டாள். "நாக்குல புளி, உப்பு, காரம் மூணும்தான் தெரியும்" என்றாள். "நீங்க படுத்துட்டப்புறம்தான் தெரிஞ்சுது. மோர்னு நீங்க சொன்னப்ப சரின்னுட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும்." அடுப்படிக்குப் போய் விளக்கைப் போட்டாள். அங்கே ஏதும் செய்யாமல் நின்றாள். கேஸ் சிலிண்டரின் வால்வை நான் போய் மூடினேன். இத்தனை மாதம் அவள் மூக்கை நம்பி அதைத் திறந்தே விட்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து சொல்தா போன் செய்தார். எல்லாம் சுத்தம் செய்துவிட்டேன், புது மூட்டை போட்டிருக்கிறேன், ஒரு தடவை வாருங்கள் என்றார். வேண்டாம் என்றேன். "ஒரு நாள் நின்னதுக்காகவா முசே?" என்று கேட்டார். மெஷினில் குறையில்லை என்றேன், அவர் நம்பவில்லை. கடைக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலை மாலை பாட்டில்களை அவள் இன்னும் முகர்கிறாள். நான் கேட்பதில்லை.

அந்த ஞாயிறு காலை தெருவில் மீன் கூடை வந்தது. அவள் இறங்கிப் போய் ஒரு கிழங்கான் கூறு வாங்கி வந்தாள். முற்றத்துக் குழாயடியில் சட்டியை வைத்து, ஒரு மீனை எடுத்து செவுளை விரலால் தூக்கி, என் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாத்து சொல்லுங்க."

முகர்ந்தேன். "மீன் வாசனைதான்."

"மீன்ல மீன் வாசனைதான் வரும். எப்டி மீன் வாசனை?"

இத்தனை வருஷம் அவள் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு பச்சை மீனைக் குனிந்து முகர்ந்ததில்லை. மறுபடி முகர்ந்தேன். "மழையில நனைஞ்ச இரும்பு மாதிரி" என்றேன்.

"ம். புளிச்ச மாதிரி ஏதாவது?"

"இல்ல."

"மூக்குல குத்துதா?"

"இல்ல. உப்பு இருக்கு."

"பாசி?"

நேரம் எடுத்துக்கொண்டேன். அவள் மீனை நீட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கு. கொஞ்சம்" என்றேன்.

"பாசி இருக்குதா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த மீனை எடுத்து அதன் செவுளையும் தூக்கினாள். அதையும் முகர்ந்தேன். கூறில் ஏழு மீன் இருந்தது. ஏழையும் முகர வைத்து, ஒவ்வொன்றுக்கும் என்ன வாசனை என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அரிவாள்மணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.