மேகம் மூடினால் ஸ்புட்னிக்

வானத்தைக் காட்டிப் பிழைக்கிறவர்களுக்கு மேகம்தான் மேலதிகாரி. ஜவ்வாது மலையில் பெரிய தொலைநோக்கி இருக்கும் வளாகத்தில், சனிக்கிழமை சாயங்காலம் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. மேகம் மூடிவிட்டால் நிலாகூடக் கிடையாது. வளைவு வளைவாக ஏறி, வழியில் வாந்தியும் எடுத்துவிட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? அப்போதெல்லாம் முதல் செயற்கைக்கோள்களின் கதையை எடுத்துவிடுவேன். கேட்கிறவர் மனம் நோகக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. எங்கேயாவது கவுன்டரில் உட்கார்ந்து பதில் சொல்லிப் பழகிய யாருக்கும் இந்த அவஸ்தையை நான் விளக்க வேண்டியதில்லை.

கல்யாண தேக்சா

ஸ்புட்னிக்குக்கு நானே ஒரு மாதிரி செய்து வைத்திருக்கிறேன். ஆலங்காயத்தில் இரண்டு அலுமினியச் சட்டி வாங்கி, வாயோடு வாய் ஒட்டி, ஆன்டெனாவுக்கு நான்கு கம்பிகளைச் செருகினேன். அசல் அளவுதான், இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. 1957 அக்டோபரில் ரஷ்யா இதை மேலே அனுப்பியதும் அமெரிக்காவே ஆடிப்போனது என்று குரலை உயர்த்திச் சொல்லிவிட்டு, மூடியிருந்த துணியை உருவினேன். வாணியம்பாடியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க வூட்டு கல்யாணத்துல பிரியாணி ஆக்கின தேக்சா இதவிடப் பெருசு. இதுக்கா அம்மாம் பெரிய நாடு பயந்துச்சு?"

பேச்சை நிறுத்தியவர்

அடுத்த வருஷம் அமெரிக்கா அனுப்பிய வான்கார்டு இன்னும் சின்னது, ஒரு பம்பளிமாஸ் பழம் அளவுதான். சில வருஷம் சிக்னல் அனுப்பியது, பிறகு ஓய்ந்துவிட்டது. ஆனால் கீழே விழவில்லை, இன்றைக்கும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மனசு கொஞ்சம் கனக்கும். ஒரு தடவை வேலூரிலிருந்து வந்த தம்பதியில் மனைவி, ரிட்டயரான தன் கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேச்சும் இல்ல, வேலையும் இல்ல, சுத்தறத மட்டும் நிறுத்தல. இதுக்கு இன்னா பேருன்னு சொன்னீங்க?"

சடையன் பார்த்தது

புதூர்நாட்டுப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்தார்கள். நடுவில் சடையன் என்ற பெரியவர். சின்ன வயதில், சாமை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அப்பாவோடு விடியுமுன் மலையிறங்கியபோது, நகர்ந்து போகும் நட்சத்திரம் ஒன்றைப் பார்த்தாராம். ரஷ்யாக்காரன் விட்ட கோள் அது என்று சந்தையில் சொன்னார்களாம். அன்று முதல் "ஸ்புட்னிக்க நான் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிவருகிறார். ஊரில் யாரும் நம்பவில்லை, "ராக்கெட்டு" என்று பட்டப்பெயர் வைத்ததுதான் மிச்சம். எல்லார் முன்னாலும் என் வாயால் ஆமாம் என்று சொல்லவைக்கத்தான் அத்தனை பேரையும் கூட்டி வந்திருந்தார்.

அந்த உருண்டை அவ்வளவு உயரத்தில் வெறும் கண்ணுக்குத் தெரிவது ரொம்ப அபூர்வம். அந்த நாளில் ஜனங்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அதை மேலே கொண்டுபோன ராக்கெட்டின் உடலைத்தான். அதுவும் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவர் ராஜா மாதிரி ஜீப் ஏறியிருப்பார். நான் உள்ளதைச் சொன்னேன். "பாத்தியா மாமா, நான் அப்பவே சொல்லல?" என்று மருமகன் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

"அந்த ராக்கெட்டு இன்னா பண்ணுச்சிம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"உருண்டைய மேல கொண்டுபோய் வுட்டுச்சிங்க. அப்புறம் அதுவும் சுத்திச்சு, கொஞ்ச நாள்ல கீழ எறங்கி எரிஞ்சி போச்சுங்க."

"பேரு?"

"தனியா பேரு சொல்லி யாரும் கூப்பிடலிங்க."

சடையன் மருமகன் பக்கம் திரும்பினார். முப்பது நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய கழுத்து, உடம்போடு சேர்ந்துதான் திரும்பியது.

"கேட்டுக்கடா. நான் பாத்தது சொமந்துகினு போனவன."

அன்றிலிருந்து என் பேச்சில் ராக்கெட்டே பாதி நேரத்தை எடுத்துக்கொள்கிறது, ஸ்புட்னிக் எப்போது வரும் என்று பிள்ளைகளைக் கூட்டி வரும் டீச்சர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், நான் பார்ப்பதில்லை.