இடுப்பு உயரத்தில் ஒரு மான்கொம்பு

பர்மாவில், எங்கள் பசுந்தாங் பேட்டை வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு ஜோடி மான்கொம்பு இருக்கிறது. இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க உள்ளே வருகிறவர்கள், முதல் காரியமாக அதில் இடித்துக்கொண்டு, "ஐயோ" என்று இடுப்பைத் தடவிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். வலப்பக்கக் கொம்பில் ஒரு கிளை அடியோடு அறுபட்டிருக்கிறது. என் மகளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும், பேச்செல்லாம் பர்மிய மொழிதான். கோபம் வந்தால் மட்டும் எங்கிருந்தோ தமிழ் வந்துவிடும். "அம்மா, ஒண்ணு அதை மேல மாட்டு, இல்லாட்டி யாருக்காச்சும் குடு" என்பாள். நான் இரண்டையும் செய்வதாக இல்லை. இடிபடுகிறவர்கள் இடிபடட்டும்.

அந்தக் கொம்பு என் பெரியப்பா வீட்டிலிருந்து வந்தது. அப்பாவின் அண்ணன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்லியினில் எண்ணெய் ஆலையில் வேலை. எங்கள் வீட்டில் அந்த ஊருக்குப் பழைய பேர்தான், சிரியம். பாலம் கட்டாத காலம் அது. படகில் போய் இறங்கி, சைக்கா என்கிற மூணுசக்கர மிதிவண்டி பிடித்து, அவர் வீட்டு வாசலில் இறங்கும்போதே கூடத்துச் சுவர் தெரியும். கறுப்பாக எண்ணெய் பூசிய பலகைச் சுவரில், ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று துப்பாக்கிகள், ஒவ்வொன்றும் ஒரு ஜோடி மான்கொம்பின்மேல் படுத்திருக்கும். மேலே இருந்தது தாத்தா வைத்திருந்த இரட்டைக்குழல். நடுவில் ஒற்றைக்குழல். கீழே, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி. அதற்கு என்னைவிட உயரம். எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் இருந்தது. என் நினைவு தெரிந்து அவர் வேட்டைக்குப் போனதேயில்லை. ஒரு வாத்தைக்கூட சுட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் தினமும் காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய மல் துணியில் எண்ணெய் தொட்டு, மூன்றையும் துடைப்பார். குளித்த பிள்ளைக்குத் தலை துவட்டுவதுபோல அவ்வளவு நிதானம். அதன் பிறகுதான் காப்பி.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தக் கூடம் நிறைந்துவிடும். ஆலையில் கூட வேலை செய்கிறவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், பக்கத்துத் தோட்டத்துப் பர்மியப் பெரியவர். அந்தப் பெரியவரை ஊரே ஊலே என்றுதான் கூப்பிடும், சித்தப்பா என்கிற மாதிரி. வந்தவர்கள் கண் சுவருக்குப் போகும்வரை பெரியப்பா பேசாமல் காத்திருப்பார். போய்விட்டதோ, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். தாத்தா பன்றி சுட்ட கதை, பன்றி தாத்தாவைத் துரத்திய கதை. ஒவ்வொரு தடவையும் பன்றி கொஞ்சம் வளர்ந்திருக்கும். பெரியம்மா டீ கிளாஸ்களை வைத்துவிட்டு, "எனக்கு வாய்ச்ச சக்களத்திங்க கதைய கேட்டீங்களா? குளிப்பாட்டி, பொட்டு வெச்சு, மெத்தையில படுக்க வெக்கலே, அது ஒண்ணுதான் பாக்கி" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சனிக்கிழமை தோறும் அவரே படகேறி வந்து என்னை அழைத்துப்போவார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை, துரைசாணிதான். "துரைசாணி வந்தாச்சு, வீட்டுக்கு வெளிச்சம் வந்தாச்சு" என்று வாசலிலிருந்தே அவர் போடுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

என் அம்மாவுக்கு அந்தச் சுவரைக் கண்டாலே ஆகாது. வீட்டில் பிள்ளை புழங்குகிற இடத்தில் ஆயுதத்தை இப்படியா பரப்பி வைப்பார்கள், பெட்டியில் போட்டுப் பூட்டக்கூடாதா என்று அப்பாவிடம் ஓயாமல் சொல்வாள். பெரியப்பாவிடம் நேரே சொல்ல முடியாது. கணவனின் அண்ணன் எதிரில் நின்று பேசுகிற வழக்கம் எங்களில் இல்லை. அவர் வந்தால் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "டீ குடிக்கச் சொல்லுங்க" என்று காற்றைப் பார்த்துச் சொல்லுவாள். அவரும் காற்றிடமே "சரி" என்பார். அப்பா தூது போனால் ஒரே பதில்தான் வரும். "பூட்டி வெச்சா அது வெறும் இரும்புடா. ஒரு கண்ணு படணும், ஒரு கை படணும். அப்பதான் அது நம்ம அப்பா துப்பாக்கி."

ஆயுத பூஜை அந்த வீட்டில் தீபாவளியைவிடப் பெரிசு. துப்பாக்கிகள் சுவரிலிருந்து இறங்கி, அம்மன் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படுத்துவிடும். பக்கத்தில் பெரியம்மாவின் தையல் மிஷின், சைக்கிள் பம்பு, அரிவாள்மணை, என் பள்ளிப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொட்டு வைத்தபின் மறுநாள் காலை வரை எதையும் யாரும் தொடக்கூடாது, திறக்கக்கூடாது. ஆயுதங்களுக்கு அன்று ஓய்வு. ஒரு வருஷம் ஒற்றைக்குழலை ஊலே வாங்கிப்போயிருந்தார். கோழிக்கூட்டில் மரநாய் புகுந்து அட்டகாசம் செய்ததாம். மரநாய் வரவில்லை, பூஜை நேரம் வந்துவிட்டது. கற்பூரம் ஏற்றப்போகிற சமயத்தில் ஓடிவந்து கொடுத்தார். பெரியப்பா அதை வாங்கி, மற்றவற்றோடு கிடத்தி, அவசரமாகப் பொட்டு வைத்தார். எப்போதும் குழலை மடக்கித் திறந்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்க்கிறவர், அன்றைக்குப் பார்க்கவில்லை. பொட்டு வைத்துவிட்டாரே, இனி எப்படித் திறப்பது? உள்ளே தோட்டா அப்படியே இருந்தது.

மறுநாள் காலை, விஜயதசமி. நான் பூஜைக்கு முன்னால் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து ஒரு வரி படிக்க வேண்டும். உட்கார்ந்தும்விட்டேன். "பொரி தின்ன கையோட புத்தகத்த தொடுறியா? எழுந்து வா, கை கழுவு" என்று பெரியம்மா அடுக்களைக்குக் கூப்பிட்டாள். நான் எழுந்துபோன பிறகு பெரியப்பா ஒற்றைக்குழலை எடுத்துச் சுவரில் மாட்டப்போனார். அதன் கொம்பில் அன்று இரட்டைக்குழலை வைத்துவிட்டதால், இதை மேல் கொம்பில் ஏற்றினார். அந்தக் கொம்பின் கிளை விசைக்குள் நுழைந்துகொண்டது. அவர் இழுத்தார். வெடித்த சத்தத்தில் என் கையிலிருந்த செம்பு விழுந்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. ஓடிவந்து பார்த்தால், கூடம் முழுக்கப் புகை. என் பர்மியப் பாடப்புத்தகம் குங்குமப் பொட்டோடு சல்லடையாகக் கிடந்தது. பெரியப்பா என்னைத் தேடவில்லை. நான் உட்கார்ந்திருந்த பாயை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தார். நான் "பெரியப்பா" என்று கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து அழுதாரே ஓர் அழுகை. ஆண்பிள்ளை அப்படி அழுது நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அந்தச் சுவத்துல துப்பாக்கி இருக்கிற வரைக்கும் எம்பிள்ளை அந்த வாசப்படிய மிதிக்க மாட்டா" என்று ஒரே தடவை சொன்னாள். அவ்வளவுதான், சனிக்கிழமை நின்றுபோயிற்று. பெரியப்பாவும் லேசில் இறங்குகிறவர் இல்லை. விசையை மாட்டிய கிளையை ரம்பத்தால் அறுத்துவிட்டதாகவும், இனிமேல் ஒன்றும் ஆகாது என்றும் அப்பாவிடம் சொல்லியனுப்பினார். "கொம்பை அறுத்தாராமா? துப்பாக்கிய அறுக்கச் சொல்லுங்க" என்றாள் அம்மா. நான் மாடி வராந்தாவில் நின்று தெருவைப் பார்ப்பேன். சிரியம் பக்கம் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவேன். எனக்கு அம்மாமேல் கோபம், அவர்மேலும் கோபம். நானா, மூன்று இரும்பா என்று வந்தபோது அவர் யோசித்துக்கொண்டிருக்கிறாரே என்று பிள்ளை மனசு வெந்தது. அவருக்கு அது தன் அப்பா என்பது அன்றைக்கு எனக்கு எப்படிப் புரியும்?

பர்மியப் புது வருஷத்துத் தண்ணித் திருவிழா வருவதற்குச் சற்றுமுன், வெயில் கொளுத்திய ஒரு பகலில், அவர் எங்கள் படியேறி வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். உட்காரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவிடம் முதல்தடவையாக நேராகப் பேசினார். "தாயீ, மூணையும் இரும்புப் பொட்டியில போட்டுப் பூட்டிட்டேன். சாவி இந்தா. எங்கிட்ட இருந்தா என்னிக்காச்சும் கை சும்மா இருக்காது. நீயே வெச்சுக்க." அம்மா வெளியே வந்தாள். இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள். "அவள கூட்டிட்டுப் போங்க அத்தான்" என்றாள். அவளும் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். படகில் அவர் என் கையை விடவேயில்லை. வியர்த்து வழுக்கியது, அப்படியும் விடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு ஊர் மாறி வந்துவிட்ட மாதிரி இருந்தது. கறுத்த சுவரில் மூன்று வெளிறிய தடங்கள். துப்பாக்கியின் மூக்கு, கட்டை எல்லாம் அச்சு எடுத்தாற்போல் தெரிந்தது. மேல் ஜோடிக் கொம்பு மட்டும் கழற்றப்பட்டு, வெகுகீழே, என் தோள் மட்டத்துக்கு அறையப்பட்டிருந்தது. அறுத்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். "துரைசாணி, ஒம் பைய அதுல மாட்டு" என்றார். தோளில் தொங்கிய ஷான் துணிப் பையைக் கழற்றி மாட்டினேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மெல்லக் குறைந்தது. பன்றிக் கதையும் நின்றுபோனது. கைகாட்டச் சுவரில் ஒன்றும் இல்லாதபோது எப்படிச் சொல்வது? பழைய பழக்கத்தில் யாராவது நிமிர்ந்து பார்த்தால், கீழே தொங்குகிற என் பையைக் காட்டி, "இப்ப நம்மகிட்ட இருக்கிறது இதுதான்" என்பார். காலையில் கை சும்மா இருக்காமல் நாற்காலிக் கையைத் துடைப்பார். பெரியம்மாகூட சக்களத்தி பேச்சை விட்டுவிட்டாள். வீடு சத்தமில்லாமல் ஆனது அவளுக்குமே பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மாவே சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு படகேறினாள். மழைக்காலம் முழுக்க மூடிக்கிடந்த பெட்டி. திறந்ததும் ஈரவாடை அடித்தது. இரட்டைக்குழலின் மேல் செம்பழுப்பாகத் துரு பூத்திருந்தது. எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தார். ஆனால் எங்கள் மழைக்கு அது எம்மாத்திரம்! பெரியப்பா பழைய துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். குழலை மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்குத் தூக்கி, அம்மாவிடம் காட்டினார். "ஒண்ணுமில்ல, பாத்துக்க தாயீ." மூன்றையும் அவள் பார்த்து முடித்த பிறகுதான் பொட்டு வைத்தார். அம்மா அவர் விரலையும் துருவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. "அத்தான், திரும்ப மாட்டிக்குங்க. நான் ஒண்ணும் சொல்லல. பிள்ளைய அனுப்புறேன்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். அவர் விரலில் ஒட்டிய குங்குமத்தைத் துணியில் துடைத்துக்கொண்டார். "வேணாம் தாயீ. அந்த எடத்துல இப்ப பை தொங்குது" என்றார்.

நான் வளர்ந்த பிறகு, லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சாவியைக் கேட்டு வாங்கி, அவரே திறந்து, சுத்தமாகத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு ரொம்பநாள் இருக்கவில்லை. பெரியம்மாவும் போய், வீடு கைமாறியபோது எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கொம்பைக் கழற்றித் தரச்சொன்னேன். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன்.

இப்போது சிரியத்துக்குப் பஸ் ஏறினால் பாலத்தைத் தாண்டிச் சீக்கிரமே போய்விடலாம். போய் யாரைப் பார்ப்பது? இந்த வருஷ ஆயுத பூஜைக்கு மிக்ஸிக்கும் மகளின் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு, மிச்சமிருந்த சந்தனத்தோடு கொம்பின் முன்னால் மண்டியிட்டேன். மண்டியிட்டால்தான் அது என் தோள் மட்டத்துக்கு வருகிறது. அறுபட்ட முனையில் பொட்டு வைத்தேன். வேலை முடிந்து வந்த மகள், வழக்கம்போல இடித்துக்கொண்டு, ஆத்திரத்தில் தமிழில், "இதை எதுக்குமா இவ்ளோ கீழ வெச்சே?" என்றாள். "அப்ப நான் இவ்ளோதாண்டி உயரம்" என்றேன். அவள் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்த பையைக் கழற்றி, அதில் மாட்டிவிட்டு, முகம் கழுவப் போனாள்.