சைக்கிளை விட்டு இறங்கு

எனக்குப் புத்தி சொல்லாத வாய் எங்கள் தோட்டத்தில் ஒன்றுகூட இருந்ததில்லை. பதின்மூன்று வயதுப் பையன் கண்ணில் பட்டால் போதும், பால்மரம் வெட்டிவிட்டு ரப்பர் பால் வாளியோடு வருகிறவர்கூட நின்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். தலையைக் குனிந்து நட. கேட்டால் மட்டும் பேசு. பெரிய மனுஷங்க முன்னால் சிரிக்காதே. ஒருத்தராவது, "நீ என்னடா ஆகணும்னு நெனைக்கிற?" என்று கேட்டதில்லை. இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எல்லாப் புத்திக்கும் மேலே ஒரு புத்தி இருந்தது. சைக்கிளை விட்டு இறங்கு. மலாயாவில் பாலோவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் வேலைக்காரன் எவனும் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு முன்னால் சைக்கிளில் உட்கார்ந்தபடி போகக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போய், வேலி முடிந்த பிறகுதான் ஏற வேண்டும். கிராணியார் வீட்டுக்கு முன்னாலும் அப்படித்தான். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியாரும் நம்மைப் போலத் தமிழர்தானே, அவருக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருந்தது? எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சைக்கிள் வைத்திருந்தவர்களே அபூர்வம். சைக்கிளைத் தொட்டே பார்க்காதவர்களெல்லாம் எனக்கு இறங்கக் கற்றுக்கொடுத்தார்கள்!

தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்மேல் ஒரு நம்பிக்கை. சாயங்காலங்களில் உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். குளுவாங் டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் பையன்களைச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததும் நேரில் போய் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். குறித்த நாள் காலையில் நான் அங்கே போய்ப் பெரிய வாத்தியார் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். ஏற்கெனவே எனக்கு வயது அதிகம். அந்த வருஷம் விட்டால் அப்புறம் சேர்க்கவே மாட்டார்கள், ஆயுசுக்கும் தோட்டத்து வேலைதான். இதை வாத்தியார் அப்பாவிடமும் விளக்கமாகச் சொல்லியிருந்தார். ரயிலைப் பிடிக்க பாலோ ஸ்டேஷன் வரை போகத் தன் சைக்கிளையும் கொடுத்தார்.

அன்று விடியற்காலையில் அப்பா பால்மரம் வெட்டக் கிளம்பும்போது என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? நல்லா வாசிடா என்றா? பயப்படாதே என்றா?

"தம்பி, பங்களாகிட்ட மறக்காம எறங்கிடு. தொர இருந்தாலும் எறங்கு, இல்லாட்டியும் எறங்கு. நம்ம சோறு அங்கதான் இருக்கு."

துரை லீவில் சீமைக்குப் போய் மாசக்கணக்காகிவிட்டது. பங்களா பூட்டிக் கிடந்தது. அது அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தோட்டத்து நாய்க்குக்கூடத் தெரியும். "சரிப்பா" என்றேன்.

ராத்திரி பெய்த மழையில் செம்மண் பாதை சேறாகிக் கிடந்தது. கிராணியார் வீட்டுக்கு முன்னால் இறங்கினேன். அந்த மனுஷன் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கடா காலங்காத்தால?"

சொன்னேன். வாயில் நுரையோடு ஆரம்பித்துவிட்டார்.

"படிச்சுட்டு வந்து என்ன, என் நாற்காலில ஒக்காரப் போறியா? ஒங்கப்பனுக்கு ஒத்தாசையா இரு. அவனவன் எடத்துல அவனவன் இருந்தாத்தான் நல்லது."

"ஐயா, ரயில் போயிடும்..."

"பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசற? இதத்தான் அந்த வாத்தி சொல்லிக்குடுத்தாரா?"

வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் கொப்பளித்து, காறித் துப்பி, முகத்தைத் துடைத்து, இன்னும் கொஞ்சம் புத்தி சொல்லி முடித்த பிறகுதான் போகவிட்டார்.

மிதி மிதியென்று மிதித்துப் பங்களாவை நெருங்கும்போது தூரத்தில் ரயில் கூவியது. அங்கிருந்து ஸ்டேஷனுக்கு ஒரே இறக்கம். ஏறி உட்கார்ந்திருந்தால் சைக்கிள் தானாகவே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். நான் இறங்கினேன். வேலியோ முடியவே முடியாத வேலி. உள்ளே செடி வெட்டிக்கொண்டிருந்த மலாய்க்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"துவான் தாக் அடா! நாயிக் லா!"

துரைதான் இல்லையே, ஏறிப் போயேன் என்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ரயில் மறுபடியும் கூவியது. ஏறு, ஏறு என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, கால் தரையை விட்டு எழும்ப மாட்டேன் என்கிறது. யாரும் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை. சின்ன வயதிலிருந்து காதில் ஊற்றியது அத்தனையும் காலில் இறங்கியிருந்தது.

வேலி முடிந்து, ஏறி, விழுந்தடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் கடைசிப் பெட்டியின் முதுகுதான் தெரிந்தது. அடுத்த ரயில் மத்தியானம்தான். பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

விஷயம் தெரிந்து ஸ்டேஷனுக்கு வந்த வாத்தியார் மத்தியான ரயிலில் என்னைக் கூட்டிக்கொண்டு குளுவாங்குக்கு ஓடினார். இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை.

வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"பங்களாகிட்ட எறங்கினியா?"

"எறங்கினேன். ரயில் போயிடுச்சுப்பா. எடம் கெடைக்கல."

"போனாப் போவுது. எறங்கினியே, அது போதும்." நிஜமாகவே அவர் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் ஆள்கூப்பிடும் பெரட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எல்லா ஆட்களும் வரிசையில் நிற்க, கிராணியார் முன்னால் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாமி, இவனுக்கும் ஒரு வேல குடுங்க. அடக்கமான பையன்ங்க. தொர இல்லாத பங்களாவுக்கு முன்னாலயும் எறங்கிப் போற பையன்ங்க."

கிராணியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"காலி பங்களாவுக்கு எறங்கினியாடா? எந்த மடையன்டா ஒனக்கு அதச் சொல்லிக்குடுத்தது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. புல்வெட்டும் ஆட்களோடு என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் கட்டிய கையை அவிழ்க்காமல் கிராணியாரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. ரயில் போனதைக்கூட மன்னித்துவிட்டேன், அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.